ஹெட் ஏற்றிய பிறகும் சூடேறிய வேன்: குளிர்விப்புச் சுற்றில் தங்கிய காற்று

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றிய வண்டி மறுபடியும் சூடேறினால் பழி முதலில் கேஸ்கட்டின் மேல்தான் விழுகிறது. "வேலை சரியாக உட்காரவில்லை, ஹெட்டைத் திரும்ப இறக்க வேண்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே எழுதப்போகும் வேனுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர்க்கலவை; கீழே பல இடங்களில் வெறுமனே நீர் என்றே எழுதுகிறேன்) ஓட வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்று உட்கார்ந்திருந்தது. அது வெளியேற முடியாதபடி ஒரு சிறு பாகம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. இவை போதாதென்று ஒவ்வோர் இரவும் புதுக் காற்று உள்ளே போய்க்கொண்டும் இருந்தது. எஞ்சின் வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒருநாள் சந்திக்கக்கூடிய நிலைமை இது. அதனால் எந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் வேன். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டர் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் குழாய்கள் வண்டியின் தரைக்கு அடியில் நீளமாகப் போகின்றன. ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. கூலண்ட் சுற்றிவரும் பாதை முழுவதிலும் அதுதான் உயரமான இடம். ரேடியேட்டர் மூடி அதைவிடத் தாழ்வாக இருக்கிறது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

உரிமையாளர் கோத்தகிரிக்காரர். ஆள் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் ஓட்டுகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதற்குள் சாலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. நிறைய ஆட்களோடு இரண்டாவது கியரில், காற்றோட்டம் குறைவான வேகத்தில் ஏற வேண்டிய பாதை. குளிர்விப்பில் சிறு குறை இருந்தாலும் அந்த ஏற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருமுறை ஏற்றத்தில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்திருக்கிறது. நிறுத்த இடம் கிடைக்கும்வரை சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் இருக்கும்போதே ஓட்டியதில் ஹெட் வளைந்துவிட்டது. சமவெளியில் இருந்த ஒரு பட்டறையில் ஹெட்டை இறக்கி, பேஸிங் போட்டு (வளைந்த பரப்பைச் சீவிச் சமமாக்கி), புதுக் கேஸ்கட், புது வாட்டர் பம்ப், புது ஹோஸ்கள் எல்லாம் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம்வரை வண்டி நன்றாக வந்திருக்கிறது. மலை ஏறத் தொடங்கி, குஞ்சப்பனை தாண்டியதும் முள் எகிறியது. திரும்பக் கொண்டுபோனபோது ரேடியேட்டர் மூடியையும் மின்விசிறி சுவிட்சையும் மாற்றினார்கள். அதிலும் தீரவில்லை என்றதும் "ஹெட்டில் விரிசல் இருக்கலாம், இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை ஹெட் இறக்கும் செலவுக்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடலாம் என்று உரிமையாளர் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

அவர் சொன்ன விவரங்கள் ஒவ்வொன்றும் பயனுள்ளவை. "சமதளத்தில் முள் பாதியில் நிற்கிறது அண்ணா. ஏற்றத்தில் முக்கால்வாசிக்குப் போகிறது, திடீரென்று பாதிக்கும் கீழே விழுகிறது, அப்புறம் ஒரே தாவலில் சிவப்புக்குப் போய்விடுகிறது." ஹீட்டரைப் பற்றிக் கேட்டோம். "காலையில் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் சூடு வரும், காலை எடுத்தால் மறுபடி குளிர்ந்துவிடும்." வண்டியைக் கிளப்பியதும் டாஷ்போர்டுக்குள் ஓடைபோலச் சலசலப்புக் கேட்கிறது என்றார். எஞ்சினை நிறுத்தியதும் ரிசர்வ் டேங்கில் (சூட்டில் விரியும் நீர் போய்த் தங்கும் தனி டப்பா) கொப்புளங்கள் வருகின்றன என்றும், அதன் மட்டம் மறுநாள் காலையிலும் இறங்காமல் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார்.

கடைசியாகச் சொன்ன அந்த ரிசர்வ் டேங்க் விவரம்தான் பின்னால் மிக முக்கியமானது.

இந்த அறிகுறிகள் ஏன் வருகின்றன

ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல 3,000 மடங்குக்கும் மேல். வெப்பத்தைக் கடத்துவதிலும் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் திறமையானது. சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள அறையில் நீர் இல்லாமல் காற்று நின்றால், அந்த இடத்தின் வெப்பத்தை எடுத்துப்போக எதுவும் இல்லை என்றே பொருள். பக்கத்தில் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, காற்றுப் பை இன்னும் பெரிதாகிறது.

வாட்டர் பம்பின் நிலைமை இன்னும் மோசம். சுழலும் தகடுகள் கனமான நீரை வெளிப்பக்கமாக வீசுகின்றன. லேசான காற்று நடுவில் ஒதுங்கி நிற்கிறது. பம்பு நீரை உறிஞ்ச வேண்டிய இடமே அந்த நடுப்பகுதி. அங்கே போதுமான காற்று சேர்ந்துவிட்டால் பம்பு சுழலும், ஆனால் எதையும் தள்ளாது. பம்பு புதிதாக இருந்தாலும் இதே கதைதான்.

ஹீட்டர் காட்டியது இதைத்தான். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்தில்) பம்பின் தள்ளுவிசை குறைவு என்பதால் உயரத்தில் இருக்கும் ஹீட்டருக்குள் அடைபட்ட காற்றைத் தாண்டி நீர் ஏறவில்லை. ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் ஏறியது. காற்றும் நீரும் கலந்து அந்த மெல்லிய குழாய்களில் ஓடியதுதான் சலசலப்பாகக் கேட்டது. கோத்தகிரியில் ஹீட்டர் அன்றாடம் பயன்படுவதால் உரிமையாளர் இதைக் கவனித்திருந்தார். சமவெளி வண்டியாக இருந்தால் இந்தத் தடயமே கிடைத்திருக்காது.

முள் தாவியதற்கு வேறு காரணம் இருந்தது. வெப்ப உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைச் சொல்லும். காற்று சூழ்ந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆவி பட்டால் ஒரே நொடியில் எகிறலாம். ஆகவே ஏற்றத்தில் முள் "இறங்கிவிட்டது" என்று நிம்மதியடைந்த நேரத்திலும் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இது உயிருக்கும் எஞ்சினுக்கும் ஆபத்தான ஏமாற்று என்பதை ஓட்டுநர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கேஸ்கட்டா, காற்றா?

காற்று அடைபட்டிருந்தாலும் கேஸ்கட் போயிருந்தாலும் மேலோட்டமாகத் தெரியும் அறிகுறிகள் ஒன்றுதான். கேஸ்கட் கசிந்தால் எரிந்த வாயு நீருக்குள் வந்துகொண்டே இருக்கும். எத்தனை முறை காற்றை எடுத்தாலும் மறுபடி சேர்ந்துவிடும். ஆகவே கேஸ்கட்டின் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் காற்றை எடுக்கத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

எஞ்சின் முழுதும் குளிர்ந்திருந்தபோது, மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்தில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைக் கிளப்பினோம். எரிந்த வாயு கசிந்தால், நீர் சூடாவதற்கு முன்பே, முதல் சில நொடிகளிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கும். இங்கே ஏறவில்லை. நீர் சூடான பிறகுதான், சூட்டோடு சேர்ந்து மெதுவாக ஏறியது. அது இயல்பானது.

அடுத்து நீலத் திரவச் சோதனை. கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும் திரவம் அது; பெட்ரோல் எஞ்சின் வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். ரேடியேட்டர் கழுத்தில் நீருக்கு மேலே இருக்கும் காற்றை இழுத்து அந்தத் திரவத்தின் வழியே விட வேண்டும். பல பட்டறைகளில் கழுத்து நிறைய நீர் இருக்கும்போதே இதைச் செய்கிறார்கள். கூலண்ட் உள்ளே இழுபட்டால் திரவம் கெட்டுவிடும், முடிவையும் நம்ப முடியாது. நாங்கள் மட்டத்தைச் சில அங்குலம் குறைத்துவிட்டு, எஞ்சின் சூடான நிலையில் ஓட்டியபடியே நிதானமாக இழுத்தோம். நீலம் நீலமாகவே இருந்தது.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். ஏதாவது ஒரு சிலிண்டரில் நீர் போனால் அந்தப் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருக்கும். நான்கும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தன. ஆயிலில் பால்போன்ற கலங்கல் இல்லை. கடைசியாக, எஞ்சின் ஓடாதபோது கைப்பம்பால் 0.9 பார் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டோம். முள் அசையவில்லை. முந்தைய பட்டறைக்காரர்கள் செய்த ஹெட் வேலை நல்ல வேலை என்பது இதில் உறுதியானது. அதை உரிமையாளரிடமும் சொன்னோம்.

அந்த அழுத்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சோதனைக் கருவி ரேடியேட்டர் கழுத்தின் உள் விளிம்பில் அடைத்து உட்காருகிறது. கழுத்திலிருந்து ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய டியூப் அந்த அடைப்புக்கு வெளியே இருக்கிறது. அதாவது அந்த டியூப் சோதிக்கப்படவே இல்லை. "அழுத்தம் நிற்கிறது, எங்கும் கசிவு இல்லை" என்று எழுதும்போது இந்த ஒரு டியூபை ஒதுக்கிவைத்து எழுதுவதே சரி.

இறக்கிய அளவு

கேஸ்கட் மீதான சந்தேகம் நீங்கியதும், இருந்த நீரையெல்லாம் இறக்கி அளந்தோம். என்னைக் கேட்டால், இந்த மொத்த ஆய்வில் மிகக் குறைந்த செலவும் மிக அதிகப் பயனும் உள்ள சோதனை இதுதான். ரேடியேட்டரின் அடித் திருகை மட்டும் திறந்தால் எஞ்சின் பிளாக்கில் ஒரு பங்கு தங்கிவிடும், அளவு தப்பாகும். பிளாக்கின் திருகையும் திறந்து, ஹீட்டர் ஹோஸையும் கழற்றி முழுதாக வடித்தோம். வந்தது 3.4 லிட்டர். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். வெளியே ஒரு சொட்டும் கசியாத வண்டியில் 1.6 லிட்டர் குறைகிறது என்றால் அந்த இடத்தில் காற்று இருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

முதலில் நிரப்பியபோதே எவ்வளவு ஏறியது என்று யாராவது பார்த்திருந்தால், வண்டி மலை ஏறும் முன்பே விஷயம் தெரிந்திருக்கும். கழுத்துவரை நீர் தெரிந்தால் நிறைந்துவிட்டது என்று முடிவு செய்வதுதான் பொதுவான வழக்கம். இந்த வேனில் கழுத்து ஹீட்டரைவிடத் தாழ்வு என்பதால் அந்தக் காட்சி எதையும் நிரூபிக்காது.

தெர்மோஸ்டாட்டும் அதன் ஆடும் ஊசியும்

வடித்து முடித்ததும் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தோம். எஞ்சின் உரிய சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்கான நீர்வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். முக்கியமான காரணம் அங்கே இருந்தது.

பல தெர்மோஸ்டாட்களின் வட்ட விளிம்பில் ஒரு சிறு துளையும், அதில் தளர்வாக ஆடும் ஓர் ஊசியும் இருக்கும். விரலால் தட்டினால் கிலுகிலுவென்று ஆடும். நீர் ஏற்றும்போது இந்த ஊசி தளர்ந்து நிற்கிறது. மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் அடைபட்ட காற்று அந்த இடுக்கு வழியாகத் தப்பிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நீரின் வேகம் ஊசியைத் தள்ளித் துளையை மூடிவிடுகிறது; எஞ்சின் சூடாவது தாமதமாவதில்லை. காற்று மேலே போகும் பொருள் என்பதால், தெர்மோஸ்டாட் செங்குத்தாக நிற்கும் எஞ்சின்களில் ஊசி பெரும்பாலும் மேற்புறம் இருந்தாக வேண்டும். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் சில எஞ்சின்களுக்கு, ஊசி குறித்த இடத்திலிருந்து இருபுறமும் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று படம் போட்டே சொல்கின்றன.

இந்த வேனில் ஊசி நேர் கீழே இருந்தது. கீழே நீர் நின்றது. மேலே காற்று, போக வழியில்லாமல் அடைபட்டு நின்றது. அந்தக் காற்றுக்குள்தான் தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குமிழும் இருந்தது. உள்ளே இருக்கும் மெழுகு குறிப்பிட்ட சூட்டில் உருகி விரிந்து தண்டைத் தள்ளுவதால்தான் தெர்மோஸ்டாட் திறக்கிறது. சுடுநீர் படாமல் காற்று மட்டும் பட்டால் மெழுகு நேரம் கழித்தே உருகும். அதற்குள் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகிவிடுகிறது. தாமதமாகத் திறந்ததும் ரேடியேட்டரிலிருந்த குளிர்ந்த நீர் ஒரே பாய்ச்சலாக உள்ளே வருகிறது, முள் சட்டென்று விழுகிறது. உரிமையாளர் சொன்ன முக்கால், பாதி, சிவப்பு என்ற வரிசை அப்படியே இதோடு பொருந்தியது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் நூலால் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கினோம். அதன்மேல் பொறித்திருந்த 82 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கியது. பாகத்தில் குறை இல்லை, மாட்டிய விதத்தில்தான் குறை. புது ரப்பர் வளையத்தோடு அதையே ஊசி மேலிருக்குமாறு மாட்டினோம்.

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, எடுத்து எறிந்துவிடலாமே?" என்று இந்த உரிமையாளருக்கும் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டின் பட்டறைகளில் இன்றும் உயிரோடு இருக்கும் இந்தப் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் எடுக்கும். எரிபொருள் கூடுதலாகப் போகும், ஆயிலில் ஈரமும் கசடும் சேரும், தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. பாகத்தையே எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். சூட்டைக் குறைக்கவென்று செய்த காரியம் ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும்.

காற்றை எடுத்த முறை

இந்த வேனில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு கிடையாது. அதனால் உயரத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி மூக்கை உயர்த்தினோம். ரேடியேட்டர் கழுத்து, ஹீட்டரைத் தவிர, சுற்றின் மற்ற இடங்களைவிட மேலே வந்தது. கழுத்தில் இறுக உட்காரும் பெரிய புனலைப் பொருத்தியதும் நீர்மட்டம் ஹீட்டரையும் தாண்டி உயர்ந்தது.

ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைத்தோம். இது சிறு விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த வகை வண்டியில் ஹீட்டருக்குப் போகும் நீரை ஒரு கேபிள் வால்வு மூடித் திறக்கிறது. திருகு குளிரில் இருந்தால் வால்வு மூடியிருக்கும். ஹீட்டருக்குள் இருக்கும் காற்றுக்கு நீர் போய்ச் சேரவே சேராது. சமவெளி வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஹீட்டரைத் திறக்கத் தோன்றாதது இயல்புதான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஹீட்டரின் திரும்பும் ஹோஸை அதன் உயரமான முனையில் தளர்த்திவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதியாகக் கலந்ததை மெல்லிய தாரையாக ஊற்றினோம். வேகமாக ஊற்றினால் நீரே காற்றை மேலிருந்து அடைத்துவிடும். தளர்த்திய முனையில் முதலில் காற்று சீறியது, பிறகு நுரை வந்தது, கடைசியில் கொப்புளம் இல்லாத தாரை வந்தது. அப்போது ஹோஸைத் தள்ளி கிளாம்பை இறுக்கினோம். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் மாறி மாறி அமுக்கினோம். ஒவ்வோர் அமுக்குக்கும் புனலில் பெரிய கொப்புளங்கள் உடைந்தன. எஞ்சினைக் கிளப்பும் முன்பே 4.6 லிட்டர் ஏறிவிட்டது.

பிறகு ஐடிலில் விட்டோம். தொடக்கத்திலேயே ரேஸ் கொடுத்தால் மிச்சக் காற்று சின்னச் சின்னக் கொப்புளங்களாகச் சிதறி நீரோடு சுற்றும். மேலே வந்து சேர நேரம் கிடைக்காது. மேல் ஹோஸ் சூடாகி, தெர்மோஸ்டாட் திறந்த கணத்தில் புனலின் மட்டம் சட்டென்று இறங்கியது. அதற்காகவே கலவையைக் கையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கீழ் ஹோஸும் வெதுவெதுப்பானதும்தான் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் அளவில் சில நிமிடங்கள் பிடித்தோம். மின்விசிறி இருமுறை ஓடி நிற்கும்வரை புனலைக் கழற்றவில்லை. அதற்குள் இன்னும் கால் லிட்டருக்குச் சற்று மேல் ஏறியது. ஹீட்டர் ஐடிலிலேயே கை பொறுக்காத சூட்டில் வீசியது.

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். 0.9 பார் மூடி போட்ட சுற்றில் வெறும் நீர்கூட ஏறக்குறைய 118 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அத்தனை நீரும் அந்த நொடியே கொதித்து முகத்தை நோக்கி எழும். மலைப்பாதையோரம் ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. துணி அந்த வேகத்தைத் தடுக்காது. மேல் ஹோஸைத் தொட்டுப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது. விரிசல் விழுவது அப்படித்தான். வடித்த கூலண்டைச் சாக்கடையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைக்க வேண்டும்.

மறுநாள் காலை

இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் பார்த்தால், ரேடியேட்டர் கழுத்தில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ரிசர்வ் டேங்கின் மட்டம் அசையவே இல்லை. உரிமையாளர் முதல் நாள் சொன்ன அதே விவரம்.

எஞ்சின் சூடாகும்போது நீர் விரிந்து, மூடியின் வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகிறது. ஆறும்போது சுருங்கி, மூடியின் நடுவில் இருக்கும் சிறு வால்வைத் திறந்து அதே நீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. ஆகவே ஆறிய காலையில் ரேடியேட்டர் நிறைந்தும், ரிசர்வ் டேங்க் நேற்றைய சூட்டு மட்டத்திலிருந்து இறங்கியும் இருக்க வேண்டும். இங்கே உறிஞ்சப்பட்டது நீரில்லை, காற்று. மூடியைக் கருவியில் வைத்துப் பார்த்தோம். அழுத்த வால்வும் சரி, உறிஞ்சும் வால்வும் சரி. மிச்சம் இருந்தது அழுத்தச் சோதனைக்குள் வராத அந்த மெல்லிய டியூப். கழுத்தில் அது மாட்டும் முனையைச் சற்று வளைத்ததும், அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவு வெடிப்புத் தெரிந்தது. எல்லா ஹோஸும் புதிதாக மாற்றிய வேலையில் இந்த ஒன்று மட்டும் பழையதாக நின்றிருந்தது. வெளியே தள்ளும்போது அதில் நீர் பெரிதாகக் கசியவில்லை. உள்ளே இழுக்கும்போது மட்டும் வெடிப்பின் வழியே காற்று போனது.

முதல்நாள் மாலையோடு வண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். தெர்மோஸ்டாட்டின் தப்பு ஒருமுறை காற்றை அடைத்தது. இந்த டியூப் ஒவ்வோர் இரவும் காற்றைச் சேர்த்தது. சில ரூபாய் டியூப் மாற்றினோம். கழுத்தை நிறைத்து, மறுபடி சூடாக்கி, ஆறவிட்டோம். இம்முறை ரிசர்வ் டேங்க் மட்டம் இறங்கியது, கழுத்து விளிம்புவரை நிறைந்து நின்றது. ஏற்றிய மொத்த அளவு 5 லிட்டரை எட்டியிருந்தது.

மற்ற வண்டிகளில்

எல்லா வண்டிகளுக்கும் இதே முறை பொருந்தாது. பின்னால் எஞ்சினும் முன்னால் ரேடியேட்டரும் கொண்ட ஃபோக்ஸ்வாகனின் 1980-களின் நீர்க்குளிர்வு வேன்களுக்கு, முன்பக்கத்தை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயர்த்தி, ரேடியேட்டர் திருகைத் திறந்து காற்றை எடுக்கச் சொல்கிறது அவற்றின் கையேடு. பிஎம்டபிள்யூவின் என்52 எஞ்சினில் வாட்டர் பம்பு மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். இக்னிஷனைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து நொடி முழுக்க அழுத்தினால் பம்பு தானாகவே 12 நிமிடம் அளவுக்கு ஓடிக் காற்றைத் தள்ளிவிடும். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிவைப்பது நல்லது.

கம்ப்ரசர் காற்றால் வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. ஹோஸ்கள் தட்டையாக அமுங்கும்வரை உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, முள் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்த்து, பிறகு கலவையை உறிஞ்சவிடுவது அதன் முறை. இதைப் பயன்படுத்தும் மலைப் பட்டறைகளுக்கு ஒரு குறிப்பு: 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய 0.8 பார்தான். சமவெளியில் வரும் வெற்றிட அளவு அங்கே வராது. கசிவு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே காரணத்தால் அந்த உயரத்தில் 0.9 பார் மூடிக்குள் நீர் கொதிக்கும் நிலையும் மூன்று டிகிரி அளவுக்குக் குறைகிறது. மலை வண்டிக்கு வெறும் நீர் ஊற்றக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஏற்றத்தில் சோதனை

உரிமையாளரோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கோத்தகிரிவரை போனோம். முள்ளை நம்பாமல் ஸ்கேனரில் கூலண்ட் சூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தோம். குஞ்சப்பனைக்கு மேலேயுள்ள கடும் ஏற்றத்தில் மின்விசிறி ஓடியபோது அதிகபட்சம் 96 டிகிரி. பெரும்பாலும் 88-க்கும் 93-க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கியது. தாவல் எதுவும் இல்லை. மேலே போய் நிறுத்தி ஐடிலில் விட்டபோதும் ஹீட்டரின் சூடு குறையவில்லை, டாஷ்போர்டுக்குள் சலசலப்பும் இல்லை.

எங்கள் வேலைச் சீட்டில் இப்போது ஹெட், பம்பு, ரேடியேட்டர் வேலை எதுவானாலும் இறக்கிய அளவு, ஏற்றிய அளவு, கையேட்டின் அளவு மூன்றையும் எழுதுகிறோம். ஒருநாள் ஆறிய பிறகு கழுத்தையும் ரிசர்வ் டேங்கையும் பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளருக்கு ஓர் இரவு கூடுதலாகக் காத்திருக்கும் சிரமம் உண்டு. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ரிசர்வ் டேங்கில் குளிர்ந்த மட்டத்தையும் சூடான மட்டத்தையும் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்தோம். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் உரிமையாளர் அதைப் பார்க்கிறார். சூடேறும் புகாரோடு அந்த வேன் திரும்ப வரவில்லை; ஹெட்டை மறுபடி இறக்க வேண்டிய தேவையும் எழவில்லை.